பழைய வீடியோ கேம்களை இன்று எதில் ஆடுவது? பிரௌசர் முதல் அசல் கன்சோல் வரை ஐந்து வழிகள்

1989-இல் வந்த கேம் பாயின் செயலி ஓடியது சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸில். திரையில் 160 × 144 பிக்சல்கள், நான்கே சாயல்கள். நிண்டெண்டோவின் என்இஎஸ் அதைவிட மெதுவு, 1.79 மெகாஹெர்ட்ஸ். இன்று கையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் இதெல்லாம் தூசு. அதனால் 'எதில் ஓடும்' என்று கேட்பதில் பொருளில்லை, எல்லாவற்றிலும் ஓடும். பட்டனை அழுத்திய பிறகு திரையில் அசைவு வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது, படம் அன்றைய டிவியில் தெரிந்த மாதிரி தெரிகிறதா, சேமித்த ஆட்டம் அடுத்த மாதமும் இருக்குமா, இதற்கெல்லாம் எவ்வளவு மெனக்கெட நீங்கள் தயார் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பிரௌசர், சொந்தக் கணினியில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்), ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினி, மிஸ்டர் என்ற எஃப்பிஜிஏ போர்டு, அசல் கன்சோல் என்று ஐந்தையும் இங்கே எடை போடுகிறோம். முதல் இரண்டுக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மற்ற மூன்றையும் வாங்குவதற்கு முன் வீட்டு டிவியை ஒருமுறை சோதித்துவிடுங்கள். வாங்கிய பெட்டியைக் குறை சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு டிவியில்தான்.

பெட்டிக்கு முன்னால் திரை

60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டி, ஓடும் கேமில் ஒரு படம், ஒரு ஃபிரேம், 16.7 மில்லிசெகண்ட். இன்றைய டிவி வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. அசைவை மென்மையாக்கும், இரைச்சலை நீக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஓரிரு ஃபிரேமைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரைப்படம் பார்க்கும்போது இது தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நின்று குதிக்கும்போது தெரியும். டிவி அமைப்புகளில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். பல டிவிகளில் இது ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டிய அமைப்பு. வேறு துளைக்கு ஒயரை மாற்றினால் மீண்டும் பழைய கதிதான்.

அளந்து பார்க்க ஃபோன் போதும். கேமராவை விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பிடியுங்கள். குதிக்கும் பட்டனைப் பத்து முறை அழுத்துங்கள். பட்டன் இறங்கிய ஃபிரேமிலிருந்து உருவம் அசையும் ஃபிரேம் வரை எண்ணி 4.17-ஆல் பெருக்கினால் மில்லிசெகண்ட். ஒரே ஒரு முறை எண்ணி முடிவுக்கு வர வேண்டாம். ஃபிரேமின் எந்த இடத்தில் பட்டன் விழுந்தது என்பதைப் பொறுத்தே விடை 16 மில்லிசெகண்ட் வரை ஏறி இறங்கும். பத்தின் சராசரிதான் கணக்கு. கேம் மோட் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை, கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் ஒருமுறை, ஒயரில் ஒருமுறை எண்ணினால் எது நேரத்தைத் தின்கிறது என்று அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

பிரௌசர்: பார்த்துவிட்டுப் போக

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2013 டிசம்பரில் பழைய கன்சோல் கேம்களையும், 2014 நவம்பரில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேம்களையும், 2015 ஜனவரியில் பழைய டாஸ் இயங்குதளத்தின் ஏறத்தாழ 2,400 கேம்களையும் பிரௌசருக்குள்ளேயே ஆடும்படி வைத்தது. பின்னால் இயங்குபவை மேம், டாஸ்பாக்ஸ் ஆகிய பழுத்த எமுலேட்டர்களே. அவற்றின் சி, சி++ நிரல்களை எம்ஸ்கிரிப்டன் வழியாகப் பிரௌசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நிறுவ எதுவும் இல்லை. பக்கத்தைத் திறந்து சொடுக்கினால் ஆட்டம்.

ஆர்கேட் கேம் திறந்ததும் பலர் தடுமாறுவது முதல் திரையிலேயே. எந்த விசையைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் இன்னும் காசு போடவில்லை. எண் 5 காசு, எண் 1 தொடக்கம், அம்புக்குறிகள் நகர்த்த, இடது கன்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ் மூன்றும் பட்டன்கள். இதில் ஒரு பொறி உண்டு. மேக் கணினியில் கன்ட்ரோலோடு அம்புக்குறியைச் சேர்த்து அழுத்தினால் டெஸ்க்டாப் மாறும். சுட்டுக்கொண்டே நகர்ந்தால் கேம் திரையைவிட்டே பறந்துபோகும். விண்டோஸில் ஆல்ட் பிரௌசரின் மெனுவைத் திறந்து கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். டேப் விசையை அழுத்தினால் மேமின் சொந்த மெனு வரும்; அங்கே சுடும் பட்டனை வேறு எழுத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. டாஸ் கேம்களில் கன்ட்ரோலும் டபிள்யூவும் ஒன்றாக விழுந்தால் பிரௌசர் டேபே மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒலி வரவில்லையென்றால் பக்கத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். தானாக ஒலிப்பதைப் பிரௌசர்கள் தடுத்து வைத்திருக்கின்றன. கேம்பேட் தெரியவில்லையென்றால் அதில் ஏதாவதொரு பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அதுவரை அந்தக் கருவி இருப்பதையே பிரௌசர் பக்கத்துக்குச் சொல்லாது. சேமிப்பை மட்டும் நம்ப வேண்டாம். டேபை மூடினால் ஆட்டமும் போயிற்று என்றே வைத்துக்கொண்டு ஆடுவது நல்லது.

அடோபியின் ஃபிளாஷ் பிளேயரை நம்பிப் பிரௌசரில் ஓடிய ஃபிளாஷ் கேம்கள் தனிக் கதை. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. அதற்குச் சற்று முன், 2020 நவம்பரில், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் எமுலேட்டரை ஆர்க்கைவ் சேர்த்துக்கொண்டது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் எழுதிய பழைய கேம்கள் ரஃபிளில் நன்றாகவே ஓடும்; ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை சில இடங்களில் முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு ஃபிளாஷ்பாயின்ட் என்ற தொகுப்பைக் கணினியில் இறக்கி ஆடுவதே வழி.

பெயர் மறந்துபோன ஒரு கேமைத் தேடிப் பிடிக்க, ஒரு மதியத்தைக் கழிக்க, இதைவிட நல்ல இடம் கிடையாது. நாற்பது மணி நேர ஆர்பிஜியை (பாத்திரமேற்று ஆடும் நீண்ட கேமை) இதில் தொடங்காதீர்கள்.

சொந்தக் கணினி: நிறையப் பேருக்கு இங்கேயே நின்றுவிடலாம்

ரெட்ரோஆர்க் தானாக எந்தக் கேமையும் ஓட்டாது. அது ஒரு முகப்பு. ஒவ்வொரு கன்சோலுக்கும் 'கோர்' என்ற எமுலேட்டரை அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆன்லைன் அப்டேட்டர் மெனுவில் கோர் டவுன்லோடர் இருக்கும். என்இஎஸ்ஸுக்கு மெசன், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் அல்லது பிஸ்னெஸ், மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், கேம் பாய்க்கு சேம்பாய், முதல் பிளேஸ்டேஷனுக்கு பீட்டில் பிஎஸ்எக்ஸ் அல்லது ஸ்வான்ஸ்டேஷன். ஒரே கன்சோலுக்கு ஏழெட்டுக் கோர்கள் பட்டியலில் நிற்கும். பெயரில் ஆண்டு ஒட்டியிருப்பவை பெரும்பாலும் பலவீனமான கருவிகளுக்காக வைத்திருக்கும் பழைய பதிப்புகள். கணினியில் அவற்றைத் தொட வேண்டியதில்லை.

பிளேஸ்டேஷன் கேம் கறுப்புத் திரையில் நின்றால் முதலில் பயாஸ் கோப்பை, அதாவது கன்சோலைத் தொடக்கி வைக்கும் உள்நிரலின் நகலை, பாருங்கள். 512 கிலோபைட் அளவு, ரெட்ரோஆர்க்கின் சிஸ்டம் கோப்புறைக்குள் இருக்க வேண்டும், பெயர் எஸ்சிபிஹெச்5501 என்று கோர் எதிர்பார்க்கும் வடிவத்தில் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். 5500 ஜப்பானுக்கு, 5501 அமெரிக்காவுக்கு, 5502 ஐரோப்பாவுக்கு. லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடுகூடக் கோப்பு இல்லை என்ற கணக்கில் சேரும். பாட்டு மட்டும் வராமல் கேம் ஓடினால் கோளாறு டிஸ்க்கின் டிராக்குகளைப் பட்டியலிடும் கியூ (.cue) கோப்பில். அதற்குள் எழுதியிருக்கும் டிராக் பெயர்களும் பக்கத்தில் இருக்கும் பின் (.bin) கோப்புகளின் பெயர்களும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே சிஹெச்டி கோப்பாகச் சுருக்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, இடமும் மிச்சம். பல டிஸ்க் கேம்களுக்கு எம்3யூ என்ற எழுத்துக் கோப்பில் டிஸ்க்குகளை வரிசையாக எழுதி அதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகத் திறந்தால் மெமரி கார்டும் தனித்தனியாகப் பிரிந்து, இரண்டாம் டிஸ்க்கில் உங்கள் சேமிப்பே இல்லை என்று கேம் கைவிரிக்கும்.

இந்த வழியின் உண்மையான பலம் 'ரன் அஹெட்'. பழைய கேம்களில் பலவற்றில், அசல் கன்சோலிலேயேகூட, பட்டனுக்கும் அசைவுக்கும் இடையே ஓரிரு ஃபிரேம் தாமதம் உண்டு. நிரலின் அமைப்பு அப்படி. ரெட்ரோஆர்க் கேமை ஓரிரு ஃபிரேம் முன்னால் ஓட்டிப் பார்த்து, அந்த விளைவை இப்போதே காட்டிவிடும். டிவி தின்னும் நேரத்தில் ஒரு பகுதியை இப்படித் திருப்பி வாங்கிவிடலாம். எண்ணை ஊகித்துப் போடக் கூடாது. பி விசையால் கேமை நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனைப் பிடித்தபடி கே விசையை ஒவ்வொன்றாகத் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்றாம் தட்டில் உருவம் அசைந்தால் உள்தாமதம் 2 ஃபிரேம். ரன் அஹெட் 2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அசைவின் முதல் ஃபிரேம்கள் விழுங்கப்பட்டு உருவம் வெட்டி வெட்டிக் குதிக்கும். ஒலி உடைந்தால் இரண்டாம் இன்ஸ்டன்ஸ் என்ற அமைப்பைப் போடுங்கள். செயலிக்குச் சுமை கூடும், ஒலி சரியாகும்.

இன்னொரு நுணுக்கம் புதுப்பிப்பு வேகம். என்இஎஸ் ஓடுவது 60 ஹெர்ட்ஸில் இல்லை, 60.0988-இல். கேம் பாய் 59.73. கேமை அதன் சொந்த வேகத்திலேயே விட்டால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் பாய் கிட்டத்தட்ட 3.7 விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமைத் திரும்பக் காட்டும். ரெட்ரோஆர்க் கேமை மானிட்டரின் வேகத்துக்கு இழுத்து, ஒலியின் சுருதியைக் காதுக்குத் தெரியாத அளவு, அரை சதவீதத்துக்குள், நகர்த்திச் சமாளித்துவிடும். ஆனால் மோர்ட்டல் காம்பாட் ஆர்கேட் இயந்திரம் ஓடியது சுமார் 54.7 ஹெர்ட்ஸில். அதை 60-க்கு இழுத்தால் சண்டையே வேகமாகிவிடும். இழுக்காவிட்டால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் திரும்ப வந்து பக்கவாட்டு நகர்வு திக்கும். மாறும் புதுப்பிப்பு வேகம் கொண்ட மானிட்டர் இருந்தால் மட்டுமே இது ஒழுங்காகும்.

சேமிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆட்டத்தை அந்த நொடியில் அப்படியே உறைய வைத்து எமுலேட்டர் சேமிக்கும் சேவ் ஸ்டேட் வேறு, கேமுக்குள் இருக்கும் சேமிப்பு வேறு. சேவ் ஸ்டேட் கோரின் பதிப்போடு ஒட்டியது. கோரைப் புதுப்பித்த மறுநாள் திறக்காமல் போகலாம். பழைய சேவ் ஸ்டேட்டைத் திறந்தால் கேமுக்குள் அதன் பிறகு சேமித்ததும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விடும். கேமுக்குள் சேமித்ததை ரெட்ரோஆர்க் வழக்கமாக மூடும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். நடுவில் செயலி விழுந்தால் அதுவும் போச்சு. அமைப்புகளில் சேவ்ராம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 விநாடி என்று வைத்துவிட்டு நிம்மதியாக ஆடுங்கள்.

படத்துக்கு வருவோம். 240 வரிப் படத்தை 1080 வரித் திரையில் முழுதாக நிரப்பினால் பெருக்கம் 4.5. சில பிக்சல் வரிகள் நான்கு தடிமன், சில ஐந்து. திரை நகரும்போது அலை அடிக்கும். முழு எண் பெருக்கம் போட்டால் 960 வரி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. 4கே திரையில் 2160-ஐ 240 ஒன்பது முறை மீதியின்றி வகுக்கும். பழைய படக்குழாய் டிவியான சிஆர்டியைப் போலிக்கும் ஷேடர்களும் (படத்தின் தோற்றத்தை மாற்றும் சிறு நிரல்களும்) 4கே திரையில்தான் உருப்படியாகத் தெரியும். ஷேடர் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் மெகா டிரைவ் சோனிக்கின் அருவியைப் பார்க்கட்டும். கூர்மையான திரையில் அது செங்குத்துக் கோடுகளாக நிற்கும். அன்றைய காம்போசிட் ஒயரின் மங்கலில் கோடுகள் கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகும். வரைந்தவர்கள் அந்த மங்கலை எண்ணித்தான் வரைந்தார்கள்.

ராஸ்பெர்ரி பை: சோபாவுக்காக

கணினியில் செய்ய முடியாத எதையும் இது செய்யாது. டிவிக்கு அடியில் சின்னதாக உட்காரும், போட்டதும் கேம் பட்டியல் வரும், வீட்டில் யார் வேண்டுமானாலும் கன்ட்ரோலரை எடுத்து ஆடலாம். அந்த வசதிக்காகத்தான் இதை வாங்குகிறோம். பை 4 முதல் பிளேஸ்டேஷன் வரை தாராளமாக ஓட்டும். நிண்டெண்டோ 64 கேமுக்குக் கேம் மாறும். சாட்டர்னுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். 2023 அக்டோபரில் வந்த பை 5 கணிசமாக வேகம். ட்ரீம்காஸ்ட்டுக்கும் மூச்சு வாங்காது. மென்பொருளுக்கு ரெட்ரோபை, பட்டோசெரா, ரீகல்பாக்ஸ், லக்கா என்று நான்கு. தோண்டித் துருவ விரும்புபவர்களுக்கு ரெட்ரோபை. போட்டதும் ஓட வேண்டும் என்பவர்களுக்கு பட்டோசெரா என்பது எங்கள் தேர்வு.

கெட்டுப்போவது எப்போதும் அதே மூன்று இடங்களில். முதலாவது மின்சாரம். பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் வேண்டும். ஃபோன் சார்ஜரை மாட்டினால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது எச்சரிக்கை வரும். செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒலி திக்கும். எமுலேட்டர் அமைப்புகளில் மணிக்கணக்கில் தேடினாலும் காரணம் கிடைக்காது, ஏனென்றால் அது சுவரில் இருக்கிறது. இரண்டாவது சூடு. 80 டிகிரியை எட்டியதும் வேகம் குறையத் தொடங்கும். பை 5-ஐ விசிறி இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். மூன்றாவது மைக்ரோ எஸ்டி கார்டு. மெனுவில் அணைக்காமல் ஒயரைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பாதியில் அறுந்து ஒருநாள் பூட் ஆகாது. கேம்களை யூஎஸ்பி டிரைவிலும் இயங்குதளத்தைக் கார்டிலும் பிரித்து வைத்தால் கார்டு போனாலும் சேகரிப்பு தப்பும்.

ரெட்ரோபையில் கேம்களை ஏற்ற எளிய வழி ஒன்று உண்டு. ஒரு யூஎஸ்பி டிரைவில் ரெட்ரோபை என்ற பெயரில் வெறும் கோப்புறை போட்டுப் பையில் செருகுங்கள். விளக்கு சிமிட்டி முடிந்ததும் எடுத்துக் கணினியில் பார்த்தால் ஒவ்வொரு கன்சோலுக்கும் உள்ளே கோப்புறை முளைத்திருக்கும். நிரப்பி, மறுபடி செருகினால் நகலாகிவிடும். ஆட்டத்திலிருந்து வெளியேற செலக்ட், ஸ்டார்ட் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இது தெரியாமல்தான் பலர் ஒயரைப் பிடுங்குகிறார்கள்.

கடைகளில் வந்த 'மினி' கன்சோல்களும் உள்ளுக்குள் இந்த வகைதான். 2018-இன் பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் இருந்தது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற திறந்த மூல எமுலேட்டர். 20 கேம்களில் 9 ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள், அதாவது மெதுவாக ஓடுபவை. பெட்டிமீது பெரிய பெயர் இருப்பதால் மட்டும் உள்ளே கவனமாகச் செய்திருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது.

மிஸ்டர்: சில்லுக்குள் சில்லு

எஃப்பிஜிஏ என்பது உள்ளிணைப்புகளை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சில்லு. எமுலேட்டர் பழைய கன்சோலின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டும். எஃப்பிஜிஏ கோரில் செயலி, படம், ஒலி மூன்றும் அசலைப் போலவே ஒரே கடிகாரத் துடிப்பில் இணையாக ஓடும். 2017-இல் தொடங்கிய மிஸ்டர் திட்டம் டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ போர்டின் மேல் கட்டப்பட்டது. அதில் 1,10,000 தர்க்க அலகுகள் கொண்ட சைக்ளோன் 5 சில்லும் இரட்டை ஆர்ம் செயலியும் இருக்கின்றன. அதற்கு இணையான மாற்று போர்டுகளும் 2024 முதல் வரத் தொடங்கின.

'இது எமுலேஷனே இல்லை, அசலேதான்' என்ற பேச்சை அப்படியே விழுங்க வேண்டாம். கோரை எழுதியவர் அசல் சில்லை எவ்வளவு புரிந்துகொண்டாரோ அவ்வளவே துல்லியம். நல்ல மென்பொருள் எமுலேட்டர் ஒன்று மோசமான எஃப்பிஜிஏ கோரைத் தோற்கடிக்கும். மிஸ்டரின் வெற்றி வேறு இடத்தில். நடுவில் இயங்குதளமோ ஃபிரேம் வரிசையோ குறுக்கிடாததால் தாமதம் குறைவு, அதைவிட முக்கியமாக எப்போதும் ஒரே அளவு. ரன் அஹெட் எண்ணை ஒவ்வொரு கேமுக்கும் கண்டுபிடிக்க அலுப்புள்ளவர்களுக்கு இது வரம்.

போர்டோடு 128 மெகாபைட் எஸ்டிராம் நினைவகப் பலகையும் யூஎஸ்பி ஹப்பும் சேர்த்தே திட்டமிடுங்கள். போர்டிலேயே 1 ஜிபி டிடிஆர்3 இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அதை ஆர்ம் செயலியும் பகிர்ந்துகொள்கிறது, கேட்ட பைட் எப்போது வரும் என்று உறுதியில்லை. பழைய கன்சோலுக்கு அது இத்தனையாவது துடிப்பில் வந்தே ஆக வேண்டும். 32 மெகாபைட் பலகையில் பல கோர்கள் ஓடும்; நியோ ஜியோவின் பெரிய கேம்கள் ஓடாது. பலகை சரியாக உட்காரவில்லையென்றால் படத்தில் குப்பைப் புள்ளிகள் தெரியும். நினைவகச் சோதனைக் கோரைச் சில நிமிடம் ஓட்டிப் பிழை எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்த்துவிட்டுத்தான் கேமைக் குறை சொல்ல வேண்டும். மின்சாரம் 5 வோல்ட் மட்டுமே. அதே வடிவ முனையுள்ள 12 வோல்ட் அடாப்டரைக் கைதவறிச் செருகினால் போர்டு அத்தோடு முடிந்தது. மேசையில் ரவுட்டர், ஸ்கேனர் எல்லாம் இருந்தால் அடாப்டரில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

நிறுவுவது சிரமமில்லை. மிஸ்டர் ஃப்யூஷன் என்ற படிமத்தைக் கார்டில் எழுதி, போர்டில் போட்டு, அது தானாக நிறுவி முடிக்கும்வரை விடுங்கள். பிறகு நெட்வொர்க் ஒயரை மாட்டி, ஸ்கிரிப்ட்ஸ் மெனுவில் அப்டேட் ஆல் ஓட்டினால் கோர்கள் எல்லாம் இறங்கும். அமைப்புக் கோப்பில் விசிங்க் அட்ஜஸ்ட் 2 என்று வைத்தால் தாமதம் மிகக் குறைவு, ஆனால் படம் கேமின் சொந்த ஹெர்ட்ஸிலேயே வெளியே போகும். சில டிவிகள் 60-ஐத் தவிர வேறெதையும் ஏற்காமல் கறுப்பாக நிற்கும். அப்போது 1, அதுவும் முடியாவிட்டால் 0. இன்னொரு இடத்தில் நிறையப் பேர் ஆட்டத்தை இழக்கிறார்கள். பல கோர்களில் கேமுக்குள் சேமித்த பிறகு மிஸ்டரின் மெனுவை ஒருமுறை திறந்தால்தான் அது கார்டுக்குப் போகும். திறக்காமல் அணைத்தால் சேமித்தது சேமித்ததாகாது.

உச்சவரம்பு தெளிவானது: பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன், நிண்டெண்டோ 64. அந்தச் சில்லில் ட்ரீம்காஸ்ட்டுக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் இடமில்லை. அவை வேண்டுமென்றால் கணினிதான். கையில் பிடித்து ஆட, அசல் கேம் பாய் கேட்ரிட்ஜையே செருகி ஆட ஆசையிருந்தால் 2021-இல் வந்த அனலாக் பாக்கெட் இதே எஃப்பிஜிஏ குடும்பம். அதன் 1600 × 1440 திரை கேம் பாய் திரையின் சரியாகப் பத்து மடங்கு என்பதால் ஒரு பிக்சல்கூடக் கோணவில்லை.

அசல் கன்சோல்: சாலிடரிங் அயர்ன் இருந்தால்

அசல் வன்பொருள் என்பது மற்ற நான்கையும் போல ஒருமுறை அமைத்துவிட்டு மறக்கும் வழியில்லை. முப்பது வயதுப் பொருளைப் பராமரிக்கிற வேலை.

அடாப்டரிலிருந்து தொடங்குவோம். என்இஎஸ்ஸின் அமெரிக்க அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும். ஜப்பானின் சூப்பர் ஃபாமிகாம் கேட்பது 10 வோல்ட் டிசி, நடுமுனை மைனஸ். முனை பொருந்துகிறதே என்று முன்னதை இதில் செருகினால் உள்ளே புகையும். வாங்கிய அன்றே அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதையும் கன்சோலின் அடியில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுங்கள்.

என்இஎஸ் விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் அது இறந்துவிடவில்லை. உள்ளே இருக்கும் பூட்டுச் சில்லு கேட்ரிட்ஜின் சில்லோடு பேச முடியாமல் ரீசெட் செய்துகொண்டே இருக்கிறது. குற்றவாளி 72 முனை இணைப்பான். கேட்ரிட்ஜில் ஊதுவது உலகமே செய்த தவறு. எச்சில் ஈரம் செம்பை அரிக்கும். எடுத்து மறுபடி செருகியதால்தான் வேலை செய்தது, ஊதியதால் அல்ல. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை முனைகளைத் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள்.

கேமுக்குள் சேமிக்கும் கேட்ரிட்ஜ்களில் சிஆர்2032 போன்ற பட்டன் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் சேமிப்பும் போகும். போகிமான் கோல்டு, சில்வரில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீரும். மாற்றும் முன் கேட்ரிட்ஜ் ரீடரால் சேமிப்பைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். பல கன்சோல்களுக்கு 4.5. தகரக் காது ஒட்டி வரும் பேட்டரியையே வாங்குங்கள். வெறும் பேட்டரிமீது நேராகச் சாலிடர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம்.

பேட்டரிக்கு அடுத்தது மின்தேக்கி. சேகாவின் கேம் கியரில் அவை கசிந்து ஒலி மங்கும், திரை வெளிறும். முதல் எக்ஸ்பாக்ஸின் பெரும்பாலான பதிப்புகளில் கடிகார மின்தேக்கி கசிந்து போர்டின் தடங்களையே தின்றுவிடும். ஆடாமல் பரணில் வைத்திருந்தாலும் இது நடக்கும். டிஸ்க் கன்சோல்களில் லேசர் தளரும்.

படத்துக்குச் சிஆர்டி டிவி இருந்தால் வேறெதுவும் வேண்டாம். அந்தச் சோனிக் அருவி அங்கே தானாகவே தண்ணீராகும். அதன் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கும். தட்டைத் திரையில் அசல் கன்சோலை நேராக மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான கூட்டணி. பல டிவிகள் 240 வரியை முழுதாக அனுப்பும் 240பி சிக்னலை, வரிகளைப் பாதி பாதியாக மாறி மாறி அனுப்பும் 480ஐ என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத இடைப்பின்னலைப் பிரிக்கப் போய்ப் படத்தைக் குழப்பித் தாமதத்தையும் கூட்டும். நடுவில் ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் போன்ற மாற்றி தேவை. அதன் செலவையும் கன்சோலின் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். சேர்த்த பிறகு பலருக்கு மிஸ்டரே மலிவாகத் தெரியும்.

எந்தக் கேமுக்கு எது

முறை வைத்து ஆடும் ஆர்பிஜி, புதிர், சாகசக் கேம்களுக்குத் தாமதம் பொருட்டே இல்லை. சோபா வசதிக்காக ராஸ்பெர்ரி பையை வாங்குங்கள். பிளாட்ஃபார்மர், சண்டை, சுட்டுத்தள்ளும் கேம்களுக்கு ஒயர் கன்ட்ரோலரோடு கணினியில் ரன் அஹெட். அதன் அமைப்புகளோடு மல்லுக்கட்ட மனமில்லையென்றால் மிஸ்டர். டக் ஹன்ட் போன்ற துப்பாக்கிக் கேம்களுக்கு அசல் என்இஎஸ்ஸும் சிஆர்டியும் மட்டுமே. அந்தத் துப்பாக்கி சிஆர்டியின் ஒளிக்கற்றை துடிப்பதைத் தேடுகிறது. தட்டைத் திரையில் அந்தத் துடிப்பும் இல்லை, அதே நொடியில் படமும் வராது, எவ்வளவு குறி பார்த்தாலும் நாய் சிரிக்கும். பிளேஸ்டேஷன் 2-க்குக் கணினியில் பிசிஎஸ்எக்ஸ்2. பெயர் மட்டும் நினைவிருக்கும் டாஸ் கேமுக்குப் பிரௌசர்.

எந்த வழியானாலும் ரோம், அதாவது கேமின் நகல் கோப்பு, எங்கிருந்து என்ற கேள்வி கடைசியில் வந்து நிற்கும். வணிகக் கேம்களின் உரிமை பெரும்பாலும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சொந்தக் கேட்ரிட்ஜ்களைக் கேட்ரிட்ஜ் ரீடரால் நீங்களே நகலெடுப்பது சுத்தமான வழி, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும். நகலெடுத்ததும் அதன் ஹேஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை), சரியான நகல்களைப் பட்டியலிடும் நோ-இன்ட்ரோ பட்டியலோடும், டிஸ்க்கானால் ரீடம்ப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முனையைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை எடுங்கள். பாதி ஆட்டத்தில் கேம் உறைவதற்கு அழுக்கு முனையில் எடுத்த நகலும் ஒரு காரணம். புதிய அமைப்பைச் சோதிக்க மட்டும் ஒரு கேம் வேண்டுமென்றால் கேம் பாய்க்கான டோபு டோபு கேர்ள் இருக்கிறது: இலவசம், திறந்த மூலம், ஓயாமல் குதித்துக்கொண்டே இருக்கும் கேம். இரண்டு ஃபிரேம் தாமதம் இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே கீழே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.